வெளிச்சத்துக்குக் காத்திருந்தவர்கள்

பறவையைப் பிடிப்பதற்கு மனிதன் செய்துகொண்ட சாதனங்களைக் கணக்கெடுத்தால் அது ஒரு பெரிய ஜாபிதாவாக நீளும். கண்ணி, வலை, கவண், உண்டிவில், அம்பு, கடைசியில் துப்பாக்கி. இவையெல்லாம் பறவையை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் கைக்கு வந்த பிறகு அது பறவையாக இருப்பதில்லை. இந்த ஜாபிதாவில் சேர்க்க வேண்டிய இன்னொரு சாதனமும் உண்டு. காமிராவைத்தான் சொல்கிறேன். அதுவும் குறி பார்க்கிறது, விசையை அழுத்துகிறது, ஏதோ ஒன்றைக் கொண்டு வருகிறது. பறவை மட்டும் தன் பாட்டுக்குப் பறந்து போய், மறுநாளும் அதே குளத்தில் மீன் பிடிக்கிறது.

அப்படியானால் இது வெறும் விளையாட்டுத்தானே என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். விடியுமுன் எழுந்து, இடுப்பளவு சேற்றில் நின்று, ஒரு கொக்கின் சிறகில் இளவெயில் பட்டு மின்னுகிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்துக் கிடப்பது வேலையற்றவனுடைய காரியம், அல்லது காசு மிகுந்தவனுடைய காரியம் என்று பலரும் அபிப்பிராயப்படுகிறார்கள். இல்லாத மனிதர்களைக் காகிதத்தில் நடமாட விட்டே ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். வேலையற்ற வேலைகளைப் பற்றி இளக்காரமாகப் பேச எனக்கு உரிமை கிடையாது. அது போகட்டும். இந்தக் கலையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அழகைத் தேடிப் போன இந்த வேடிக்கை மனிதர்களில் சிலர், தாங்கள் எதிர்பாராமலே சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்திருக்கிறது. அவர்கள் சொன்ன சாட்சியால் சில பறவைகள் உலகத்தில் மிச்சமிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

காமிராவைத் துப்பாக்கியின் வரிசையில் வைத்தேனே, அது என் கற்பனை அல்ல. 1882-ஆம் ஆண்டில் எத்தியேன் ஜூல் மரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் மெய்யாகவே ஒரு போட்டோத் துப்பாக்கி செய்தார். தோளில் அண்டக் கொடுக்கக் கட்டை இருந்தது. விரலால் இழுக்க விசை இருந்தது. நீண்ட குழலும் இருந்தது. குழலுக்குள் லென்ஸ்; தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் கண்ணாடித் தகடு. விசையை இழுத்தால் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள் விழும். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே புகும் நேரம் ஒரு விநாடியில் 720-ல் ஒரு பங்குதான். நேப்பிள்ஸ் நகரத்துக் கடற்கரையில் நின்று அவர் இதைக் கடற்பறவைகளின்மேல் நீட்டினார். எத்தனை முறை சுட்டும் ஒரு பறவையும் விழாததைக் கண்ட ஊர் ஜனங்கள் அவரைப் பித்தர் என்று முடிவு கட்டியதாக ஒரு கதை வழங்குகிறது.

பறவை எப்படிப் பறக்கிறது என்பதே மரேயின் கேள்வி. அவருடைய துப்பாக்கியில் விழுந்தவை பிரகாசமான வானத்துக்கு எதிரே கரிய நிழலுருவங்கள். இன்று அஸ்தமன வானத்தின் முன்னே நாரைக் கூட்டத்தை மை தீட்டினாற்போல் எடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோமே, அந்த வகைப் படத்துக்கு இதைப் பாட்டன் என்று சொல்லலாம். இன்று நாம் அழகுக்காக வேண்டிச் செய்வதை அவர் வேறு வழியில்லாமல் செய்தார், அவ்வளவுதான்.

இரண்டே வருஷம் கழித்து, 1884-இல், அன்று பிரஷ்ய ராஜ்யத்தில் இருந்த லிஸ்ஸா என்ற ஊரில் ஓட்டோமார் அன்ஷூட்ஸ் என்பவர் வெண்நாரைகளைப் படமெடுத்தார். கூட்டில் இறங்குவதும் எழும்புவதும் சிறகை விரித்து மிதப்பதுமாக, இறகு இறகாகத் தெரிகிற படங்கள். மனிதக் கண்ணால் அதுவரை நிறுத்திப் பார்க்க முடியாத ஒன்றை அவை நிறுத்திக் காட்டின. பிற்பாடு மனிதனுக்கு இறக்கை கட்டிக் குன்றிலிருந்து மிதந்து காட்டிய ஓட்டோ லிலியெந்தாலையும் இதே அன்ஷூட்ஸ்தான் படமெடுத்தார். நாரையில் தொடங்கிய காமிரா மனிதனிடம் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் வெளிச்சத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தச் சரித்திரத்தில் கதாநாயகன், வில்லன் இரண்டு வேஷத்தையும் போடுவது அதுதான்.

நம் ஊர்களில் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். மற்ற வெளிச்சம் பட்டால் காகிதம் பாழாகிவிடும்; சிவப்பு பட்டால் ஒன்றும் ஆகாது. காரணம், வெள்ளி உப்பு பூசிய அந்தப் பரப்புக்குச் சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குச் சமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் எல்லாமே இயல்பில் இப்படிப்பட்டவை. நீலத்தைக் கண்டால் அவை பாய்ந்து விழுங்கும். சிவப்பு அவற்றின் கண்ணிலேயே படாது. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் அதற்குப் பார்க்கப் பழக்கலாம் என்று கண்டுபிடித்தார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணர்கிற தகடு கடைக்கு விற்பனைக்கு வந்தபோது ஆண்டு 1906 ஆகிவிட்டது.

இதன் விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். நீர்ப்பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தியிலும். அப்போதுதான் வானமும் நீரும் செக்கச் செவேலென்று இருக்கும். பார்க்கிறவன் மெய்ம்மறந்து நிற்கிற அந்த வெளிச்சம், அவன் கையில் இருந்த தகட்டுக்கு ஏறக்குறைய ராத்திரி. சரி, நடுப்பகலில் எடுக்கலாம் என்றால் வேறு சங்கடம். நீல வானம் தகட்டில் வெளுத்துப் போகும். அதற்கு முன்னால் பறக்கும் வெள்ளைக் கொக்கும் வெளுத்துப் போகும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கொக்கு! கண்ணுக்கு நல்ல வெளிச்சம் ஒன்று, தகட்டுக்கு நல்ல வெளிச்சம் வேறொன்று. இரண்டும் ஒத்துப்போகும் சில நிமிஷங்களுக்காகத்தான் அந்தக் காலத்துக் காமிராக்காரன் காத்துக் கிடந்தான். கையில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் இருந்தால் அதிகம். ஒன்று வீணானால் போனது போனதுதான்.

பறக்கிற பறவையைவிட, கூட்டில் உட்கார்ந்திருக்கிற பறவை சுலபம். ஆகவே ஆரம்பக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் கூட்டுப் படங்களாக இருந்தன. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் ஒரு பாடும் பறவையின் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில், 1895-இல், முழுக்க முழுக்கக் காட்டில் எடுத்த படங்களையே கொண்ட ஒரு புத்தகத்தை வெளியிட்டார்கள். பறவை பயப்படக் கூடாது என்பதற்காக இவர்கள் போட்ட வேஷங்கள் ஒரு ஹாஸ்ய நாடகத்துக்குப் போதும். பாடம் செய்த மாட்டின் உடம்பைக் குடைந்து, அதற்குள்ளே ஆளும் காமிராவுமாக நுழைந்து நின்றார்கள். மாடு மேய்ச்சல் நிலத்தில் அசையாமல் நிற்கும். பறவைகள் அதைக் கண்டுகொள்ளமாட்டா. உள்ளே மனிதன் வெந்துகொண்டிருப்பான்.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. இனிமேல் வரப்போவது வேடிக்கை அல்ல.

கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் மெல்லிய தோகை ஒன்று வளரும். காற்றில் அசையும்போது வெள்ளிக் கம்பியை நெசவு செய்தாற்போல் இருக்கும். ஜோடியை வசப்படுத்துவதற்காக இயற்கை அதற்குக் கொடுத்த ஆபரணம் அது. இந்த ஆபரணத்தின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டு நாகரிகத்துக்கு ஆசை பிறந்தது. லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் சீமாட்டிகளின் தொப்பிகளில் அந்த இறகு ஏறியது. 1903-இல் அமெரிக்காவில் அதற்குக் கொடுத்த விலை ஓர் அவுன்ஸுக்கு 32 டாலர். அப்போது பொன்னின் விலையே 20 டாலருக்குச் சற்று மேல்தான். பொன்னைவிட விலையுயர்ந்த ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு பறவை சதுப்பு நிலத்தில் நின்றால் அதன் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாரிடாவில் கொக்குக் கூட்டங்களுக்குக் காவல் நியமிக்கப்பட்ட கை பிராட்லி என்பவரை 1905-இல் சுட்டே கொன்றுவிட்டார்கள்.

இந்த வியாபாரத்தில் ஒரு தனிக் கொடுமை இருந்தது. தோகை வளர்வது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான். ஆகவே வேட்டைக்காரன் வேறு காலத்தில் வரமாட்டான். தாயும் தகப்பனும் கூட்டருகே இருக்கும்போது வருவான். குஞ்சை விட்டு அகல மனமில்லாமல் அவை சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொன்றாகச் சுடுவான். முதுகில் ஒரு பிடி இறகைப் பிய்த்துக்கொண்டு உடலை எறிந்துவிடுவான். கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு அவன் தோட்டாவைச் செலவழிப்பதில்லை. பசியே அந்த வேலையைச் செய்துவிடும்.

1889-இலேயே எமிலி வில்லியம்ஸன் என்ற அம்மையார் மான்செஸ்டர் அருகே தம் வீட்டில் பெண்களைக் கூட்டி, இறகு அணிவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் அரச அங்கீகாரம் பெற்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது அதுதான். ஆனால் அவர்கள் எத்தனை பேசினாலும் வியாபாரிகள் சாமர்த்தியமாகப் பதில் சொன்னார்கள். 'பறவையைக் கொல்வதாவது! இவையெல்லாம் தானாக உதிர்ந்த இறகுகள். கூட்டடியில் பொறுக்கி எடுத்தவை' என்றார்கள். 'இது செயற்கை இறகு' என்றும் சொல்லி விற்றார்கள். கடையில் நிற்கும் சீமாட்டிக்கு நம்புவதில் சௌகரியம் இருந்தது, நம்பினாள். சதுப்பு நிலம் எங்கே, தொப்பிக் கடை எங்கே! ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல். வழக்கு அங்கேயே நின்றது.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். மெல்போர்னில் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் ஏ. எச். ஈ. மாட்டிங்லி. பறவைப் பித்தும் காமிராப் பித்தும் சேர்ந்து பிடித்த மனிதர். 1906-இல் நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தில் மத்தூரா என்ற ஊருக்கு அருகே, வெள்ளம் தேங்கிய யூகலிப்டஸ் காட்டில் கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருப்பதை அறிந்து, கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு அங்கே போனார். தண்ணீருக்கு நடுவே நெடிய மரங்கள். மரங்களில் வெள்ளைப் பூப் பூத்தாற்போல் கொக்குகள். கலைஞன் ஒருவனுக்கு வேறு என்ன வேண்டும்? ஆசை தீரப் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். குஞ்சுகள் வளர்ந்த பிறகு இன்னொரு முறை வந்து எடுத்தால் தொகுதி பூர்த்தியாகும் என்று நினைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது மரங்கள் இருந்தன, கூடுகள் இருந்தன, வெள்ளையாகவும் ஏதோ தெரிந்தது. கிட்டப் போனபோதுதான் அது முதுகு பிய்க்கப்பட்ட கொக்குகளின் உடல்கள் என்று தெரிந்தது. தண்ணீரில் மிதந்தன, கிளைகளில் தொங்கின. மேலே கூடுகளில் குஞ்சுகள் பசியால் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் பறந்து போகும் ஏதாவது ஒரு பறவையைக் கண்டால் தங்கள் தாய்தான் வருகிறாள் என்று கழுத்தை நீட்டின. நின்று கத்த முடியாதவை சோர்ந்து விழுந்துகொண்டிருந்தன.

நான் கதை எழுதுகிறவன். இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரம் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடலாம். அதில் தவறு சொல்ல முடியாது. வந்தது அழகான படத்துக்காக; அழகு செத்துக் கிடக்கிறது; இனி அங்கே என்ன வேலை? ஆனால் மாட்டிங்லி காமிராவை இறக்கி வைத்து, முக்காலியை ஊன்றினார். செத்த தாயை எடுத்தார். கழுத்தை நீட்டிய குஞ்சுகளை எடுத்தார். சோர்ந்து தலை தொங்கியவற்றை எடுத்தார். வரிசை மாறாமல், நடந்தது நடந்தபடி. நல்ல வெளிச்சம், கெட்ட வெளிச்சம் என்ற கவலை அங்கே அவருக்கு இருந்திருக்க முடியாது.

1907-இல் ஆஸ்திரேலியப் பறவையியல் சங்கத்தின் சஞ்சிகையான 'ஈமு'வில் அந்தப் படங்கள் வெளியாயின. அங்கிருந்து அவை கடல் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தன. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் அவற்றைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டார்கள். 1911-இல் அந்தப் படங்களைப் பெரிய பலகைகளில் ஒட்டி, முன்னும் பின்னும் பலகை மாட்டிய ஆட்களை வரிசையாக லண்டன் கடைத்தெருவில் நடக்க விட்டார்கள். தொப்பி வாங்கப் போகிற சீமாட்டி கடைவாசலில் அந்தக் குஞ்சுகளின் திறந்த வாயைப் பார்க்காமல் உள்ளே நுழைய முடியவில்லை. 'உதிர்ந்த இறகு' என்ற பொய்க்கு அன்றோடு பலம் குறைந்தது. அதற்குப் பிறகும் வியாபாரிகளின் செல்வாக்கு லேசில் விடவில்லை. 1908-இல் பார்லிமெண்டுக்கு வந்த மசோதா தோற்று, மறுபடி மறுபடி வந்து, 1921-இல்தான் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் நிறைவேறியது. அமெரிக்கா 1913-இலேயே இறக்குமதியைத் தடுத்துவிட்டது. நம் நாட்டிலிருந்து இறகும் பறவைத் தோலும் ஏற்றுமதி ஆவதற்கு 1902-இலேயே சர்க்கார் தடை போட்டிருந்தது. வாங்குகிறவன் இருக்கிற வரையில் கள்ளத்தனமாக அனுப்புகிறவனும் இருந்தான்.

ஒரு சில படங்களே எல்லாவற்றையும் சாதித்துவிட்டன என்று சொன்னால் அது கதை ஆகிவிடும், சரித்திரம் ஆகாது. ஊர் ஊராகச் சங்கம் நடத்திய பெண்களின் உழைப்பு இருந்தது. முதல் உலக யுத்தம் வந்தது. பெண்கள் தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டதும் பெரிய தொப்பிகளின் மவுசு போயிற்று. எல்லாம் சேர்ந்துதான் கொக்கைப் பிழைக்க வைத்தன. ஆனால் பேச்சுக்குப் பேச்சு என்று நின்றிருந்த வழக்கில் சாட்சி சொன்னது காமிரா. அதை மறுக்க முடியாது.

இதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரண்டு நண்பர்கள் ஆரிகன் மாநிலத்து ஏரிகளில் படகோட்டிக்கொண்டிருந்தார்கள். 1905-இல் கிளாமத் ஏரிகள். 1908-இல் மல்ஹூர் ஏரி. கோரைக்கு நடுவே ஒளிந்திருந்து கூழைக்கடாக்களையும் முக்குளிப்பான்களையும் நாரைகளையும் எடுத்தார்கள். அந்தப் படங்கள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் கண்ணில் பட்டன. ரூஸ்வெல்ட் துப்பாக்கி பிடித்த கைக்காரர். வேட்டையில் பேர் போனவர். ஆனாலும் 1903-இல் ஃப்ளாரிடாவில் கூழைக்கடாக்களின் தீவு ஒன்றைப் பறவைகளுக்கென்றே ஒதுக்கி வைத்தவரும் அவர்தான். 1908 ஆகஸ்ட் மாதத்தில் கீழ் கிளாமத், மல்ஹூர் இரண்டையும் பறவைச் சரணாலயங்களாக அறிவித்தார்.

இங்கேயும் சந்தோஷத்தோடு அத்தியாயத்தை முடிக்க வழியில்லை. பறவைக்கு ஏரியை எழுதிக் கொடுத்தார்களே ஒழிய, ஏரிக்குத் தண்ணீரை எழுதிக் கொடுக்கவில்லை. விவசாய நிலத்துக்காகத் தண்ணீரைத் திருப்பிவிட்டதில், 1920-களின் தொடக்கத்துக்குள் கீழ் கிளாமத் வறண்டு போயிற்று. தரையே பற்றி எரிந்து புழுதி பறந்தது. பிற்பாடு ஓரளவு தண்ணீர் விட்டு உயிர் கொடுத்தார்கள். படம் சாட்சி சொல்லும். தீர்ப்பை நிறைவேற்றுவது மனிதர் கையில்தான் இருக்கிறது.

சாவுக்கு மட்டும்தான் காமிரா சாட்சி சொல்லும் என்பதில்லை. திரும்பி வந்த உயிருக்கும் அது சாட்சி சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பிரதேசத்தின் நீர்நிலைகளில் எம்மா டர்னர் என்ற அம்மையார் வருஷத்தில் பல வாரங்கள் ஒரு படகு வீட்டில் தனியாக வசித்தார். படகுக்கு அவர் வைத்த பெயரே ஒரு நீர்ப்பறவையின் பெயர். ரிச்சர்டு கியர்ட்டனைச் சந்தித்த பிறகு காமிராவைக் கையில் எடுத்தவர் அவர். அந்தப் பக்கத்துக் கோரைக் காடுகளில் முன்பு குருகு இனத்துப் பெரிய பறவை ஒன்று ஏராளமாக வாழ்ந்தது. கோரையின் நிறமே அதன் நிறம். ஆபத்து வந்தால் கழுத்தைச் செங்குத்தாக நீட்டி நின்றுவிடும். பத்தடியில் நின்றாலும் நமக்குக் கோரைதான் தெரியும். வேட்டையாலும் சதுப்பை வடித்ததாலும் அது அங்கே கூடு கட்டுவது நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1911-இல் ஜிம் வின்சென்ட் என்ற காவல்காரரோடு சேர்ந்து கோரைக்குள் தேடி, பறக்கத் தெரியாத அதன் குஞ்சு ஒன்றைக் கண்டுபிடித்துப் படமெடுத்தார் டர்னர். குஞ்சு இருக்கிறது என்றால் கூடு இருக்கிறது; கூடு இருக்கிறது என்றால் இனம் திரும்பி வந்துவிட்டது. ஆயிரம் பேர் 'நான் குரல் கேட்டேன்' என்று சொல்வதற்கும் இந்த ஒரு படத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரியும்.

இத்தனை தூரம் சுற்றியாயிற்று. நம் ஊர்க் கொக்கையும் பார்த்துவிட வேண்டாமா? கொக்குக்கும் நமக்கும் உறவு படத்தினால் வந்ததில்லை. செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், அந்த ஏரியில் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊராருக்கு எழுத்து மூலம் கவுல் கொடுத்தார். போட்டோ என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. எமிலி வில்லியம்ஸனின் சங்கம் தொடங்குவதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களுக்கு முந்திய சங்கதி இது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில், காமிராப் பித்துக் கொண்ட நண்பர் ஒருவரோடு நான் அங்கே போயிருந்தேன். அந்தி நேரம். தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கரண்டிவாயன்களும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மேற்கே மேகத்தின் விளிம்பு உருகிய பொன்னாக ஓடியது. இரைக்குப் போன கூட்டங்கள் அந்தப் பொன்னைக் கிழித்துக்கொண்டு கரையேறி வந்தன. நண்பர் பேச்சு மூச்சு இல்லாமல் காமிராவுக்குப் பின்னால் ஐக்கியமாகிவிட்டார். கரையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் தோளில் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"சாரு பொட்டி ஒண்ணும் கொண்டாரலிங்களா?" என்று கேட்டார்.

"இல்லை, பெரியவரே. நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

"அது போதுங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் சும்மாதான் பார்த்தாங்க." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மண்வெட்டியால் ஏரியைச் சுட்டிக் காட்டினார். "எச்சம் விழுந்த தண்ணிங்க. வயலுக்குப் பாஞ்சா எரு தனியா வேணாம். அதுங்க நமக்குச் செய்யுது, நாம அதுங்களுக்குச் செய்யறோம்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த மண்வெட்டிக்காரருக்குப் படம் தேவைப்படவில்லை. கொக்கு அவருடைய வயலோடு சம்பந்தப்பட்டது. அது செத்தால் அவருக்குத் தெரியும். லண்டன் சீமாட்டிக்கு அப்படிப்பட்ட சம்பந்தம் கிடையாது. ஏரிக்கு வெகு தூரத்தில் இருந்துகொண்டே ஏரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறவர்களுக்குத்தான் படம் வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கண் அங்கே இல்லை. யாராவது ஒருவர் கண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அந்தக் காரியத்தை அரை நூற்றாண்டு செய்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தாமே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய காமிராவோடு காடு காடாக அலைந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்தார். எடுத்ததைப் பற்றி எழுதினார். 1996-இல் காலமாகும் வரை அவர் எழுத்து நிற்கவில்லை.

இன்று நாம் எல்லோருமே அந்த லண்டன் சீமாட்டியின் ஸ்தானத்துக்கு வந்துவிட்டோம் என்பதுதான் எனக்குக் கவலை. பட்டணத்தில் வீடு கட்டுகிறோம். தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, குப்பை எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்பதில்லை. காமிராக்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் இறங்கும் பருவத்தில், விடியற்காலையில் நீளக் குழல்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காலத்துத் தகடு போல் இவை சிவப்பைக் கண்டு குருடாவதில்லை. இளஞ்சிவப்புப் பறவை, அதற்குப் பின்னே இளஞ்சிவப்பு வானம், நடுவே ஆடாத நீர். அற்புதமான படங்கள்; பார்த்து நானும் சொக்கிப் போயிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் ஓரத்தை ஒரு சாண் நகர்த்தினால் பெருங்குடிக் குப்பை மேடு தெரியும். இன்னொரு சாண் நகர்த்தினால், சதுப்பைத் தூர்த்து எழுந்த கட்டடங்கள் தெரியும். முன்பு பரந்து கிடந்த சதுப்பில் மிச்சமிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2022-இல் அதற்கும் வேடந்தாங்கலுக்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. கீழ் கிளாமத்துக்கும் ஓர் அந்தஸ்து கிடைத்துத்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அழகான படம் எடுக்காதே என்று யாரையும் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாட்டிங்லி முதல் தடவை மத்தூராவுக்குப் போனது அழகைத் தேடித்தான். மரத்தில் வெள்ளைப் பூவாகக் கொக்கைக் கண்டு மயங்கியிராவிட்டால், அவர் இரண்டாவது தடவை அந்த வெள்ளத்தில் இறங்கியிருக்கமாட்டார். இரண்டாவது தடவை போகாவிட்டால் சாட்சியும் இல்லை. ஆகவே முதல் பிரயாணத்தைக் குறை சொல்லக் கூடாது. நான் கேட்பதெல்லாம், இன்று வரிசையில் நிற்கும் அத்தனை குழல்களில் ஒன்றிரண்டாவது இரண்டாவது பிரயாணத்துக்கும் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான். பொன் வெளிச்சம் மங்கி, வெயில் ஏறி, மற்றவர்கள் எல்லோரும் காரில் ஏறிப் போன பிறகு, குப்பை மேட்டுப் பக்கமும் ஒரு முறை திரும்பிப் படமெடுக்க ஒருவர் வேண்டும்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். சின்ன வெள்ளைக் கொக்கு 1996-இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. யாரும் கொண்டு போய் விடவில்லை. கால்வாயைத் தாண்டித் தானாகவே பறந்து வந்தது. அதற்கு முன்பு எண்பது தொண்ணூறு வருஷங்களுக்கு முன்னால் அதன் தோகையை லண்டனில் அவுன்ஸ் கணக்கில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த நாட்டுக் குளக்கரைகளில் அது சாவதானமாக ஒற்றைக் காலில் நிற்கிறது. காலை வெயிலில் அதன் தோகை மின்னும்போது, கரையில் யாரோ ஒருவர் நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்.